நேபாளத்துக்குத் தாய்சேய் நலத் தன்னார்வலர்களை அனுப்பும் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். தேனி மாவட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஓய்வுக்குப் பிறகு உங்களைப் போன்ற ஓர் அமைப்பின் வழியாக நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்துக்குத் தாய்சேய் நலக் கல்வியாளராகப் போய்வந்தேன். எந்த அமைப்பு என்பது இங்கே முக்கியமில்லை. உங்களில் பலருடைய விளம்பரங்களைப் படித்துவிட்டேன், எல்லாம் ஒரே அச்சுதான்: முன் அனுபவம் வேண்டாம், இரண்டு வாரம் போதும், மலைக்கிராமத்துத் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

அங்கே சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்று யார் உங்களிடம் சொன்னது? நேபாள அரசு 1988 முதல் ஊருக்கு ஊர் பெண்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, சமுதாய சுகாதாரத் தன்னார்வலர்களாக வைத்திருக்கிறது. நாடு முழுக்க ஏறத்தாழ 50,000 பேர். கர்ப்பிணி வீட்டுக்குப் போய் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பதும், மாதம் எண்ணி வைத்திருந்து பிரசவத்துக்குச் சுகாதார நிலையத்துக்குக் கிளப்புவதும், அம்மாக்கள் குழுவைக் கூட்டுவதும் அவர்கள்தான். வருஷத்துக்கு இரண்டு முறை பிள்ளைகளுக்கு வைட்டமின் ஏ கொடுக்கிறார்கள். அந்தத் தன்னார்வலர்களில் நான் கூடப்போன தீதி (அக்காவை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) எண்ணெய் நிறைந்த மாத்திரையின் மூக்கைக் கத்தரியால் நறுக்கி, பிள்ளையின் கன்னத்தை இரண்டு விரலால் அமுக்கி, சொட்டு வெளியே சிந்தாமல் பிழிந்துவிடுவார். அடுத்த பிள்ளையைத் தூக்குவதற்குள் முந்தைய பிள்ளையின் பெயர் பதிவேட்டில் ஏறியிருக்கும். சொட்டு மருந்து முகாம்களிலேயே பாதி ஆயுளைக் கழித்த நான் வாயடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1996 ஆய்வில், உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 539 தாய்மார்கள் இறந்துகொண்டிருந்த நாடு அது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அது 151. எல்லாம் தீதிகளால்தான் என்று சொல்லமாட்டேன். அரசு நிலையங்களில் பிரசவம் 2009 முதல் இலவசம், வந்துபோகிற செலவுக்குத் தாயின் கையிலேயே பணம் கொடுத்தார்கள், ரோடும் வந்தது. இரண்டு வாரம் வந்துபோகிறவர்களுக்கு அந்தக் கணக்கில் எங்கே இடம் என்று மட்டும் நீங்களே தேடிப்பாருங்கள்.

நான் இருந்தபோது ஒரு கல்லூரிப் பிள்ளைகள் குழு வந்தது. நல்ல பிள்ளைகள், அவர்கள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வந்த மாதம் அசார், நம் ஆனி. மேல்நாட்டுக் கல்லூரிகளுக்குக் கோடை விடுமுறை, நேபாள மலைக்கு நெல் நடவு. விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் என்று வயலிலிருந்து பெண்களைக் கூட்டிவந்து உட்காரவைத்தார்கள். முழங்கால் வரை சேறு. கை கழுவுவது எப்படி என்று ஆங்கிலத்தில் ஒரு பெண் பேச, ஒருவர் நேபாளியில் சொல்ல, அதை இன்னொருவர் தாமாங் மொழியில் வயதானவர்களுக்குச் சொன்னார். பாதியில் ஒரு பாட்டி, நாற்று வாடுகிறது என்று எழுந்து போய்விட்டார். கூட்டத்தில் அன்று உருப்படியாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

அதே மக்வான்பூரில் நடந்த ஓர் ஆய்வு 2004-ல் லான்செட் என்ற மருத்துவ ஆய்விதழில் வந்தது. உங்கள் பயிற்சிக் கையேட்டில் அது ஏன் இல்லை என்று தெரியவில்லை. உள்ளூர்ப் பெண் ஒருத்தி, சுகாதாரப் படிப்பெல்லாம் இல்லாதவள், மாதம் ஒரு முறை பெண்களைக் கூட்டி உட்கார்ந்து பேசவைத்தாள். பாடம் எடுக்கவில்லை. எதனால் பிள்ளைகள் தவறுகின்றன, நாம் என்ன செய்யலாம் என்று அவர்களே பேசி முடிவெடுத்தார்கள். ஒரு ஊர் நிதி சேர்த்தது, இன்னொரு ஊர் நோயாளியைச் சுமந்துபோகும் தூக்குப்படுக்கைக்கு ஏற்பாடு செய்தது. குழுக்கள் இருந்த பகுதிகளில் பச்சிளங்குழந்தைகள் இறப்பு மற்ற பகுதிகளைவிட 30 சதவீதம் குறைவு.

அங்கே பயன்பட்டதெல்லாம் இப்படி அவர்களைப் பார்த்தும் கேட்டும் வந்ததுதான். வீட்டுப் பிரசவத்துக்கென்று 1990-களில் ஒரு பொட்டலம் வந்தது: சோப்பு, பிளேடு, நூல், பிளாஸ்டிக் விரிப்பு, கூடவே காசு மாதிரி ஒரு சின்ன வட்டத் தகடு. தொப்புள்கொடியைக் காசின்மேல் வைத்து அறுப்பது அங்கே பழைய வழக்கம். வழக்கத்தைத் திட்டாமல் காசை மட்டும் சுத்தமான தகடாக மாற்றினார்கள். தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுக்கும் இணை உணவுக்கு சர்போத்தம் பிட்டோ என்று ஒரு மாவு: சோயா இரண்டு பங்கு, மக்காச்சோளம் ஒரு பங்கு, கோதுமை ஒரு பங்கு, தனித்தனியாக வறுத்து அரைத்தது. நம் சத்துமாவுக்கு அக்கா தங்கை முறை. இதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவா விமானம் ஏறிப் போவது?

போகவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூச்சுவிடாமல் பிறக்கும் குழந்தைக்குப் பையும் முகமூடியும் வைத்து மூச்சுக் கொடுப்பதை அங்கிருந்த இளம் செவிலியர்கள் என்னோடு பொம்மையில் திரும்பத் திரும்பப் பழகினார்கள். கேட்டது அவர்கள். நான் எழுதிக்கொண்டு போன பாடத்திட்டத்தை ஒருவரும் கேட்கவில்லை, அதை நான் பெட்டியிலிருந்து எடுக்கவும் இல்லை.

பிரசவ அறை விஷயத்தில் மட்டும் கடுமையாகவே சொல்கிறேன். சொந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு வாசலில்கூட நிற்கவிடாத பிள்ளையை, அங்கே ஒரு பெண் வலியில் துடிக்கும் அறைக்குள் எந்த உரிமையில் அனுப்புகிறீர்கள்? அந்தப் பெண்ணிடம் யாராவது கேட்டார்களா? கேமராவோடு வேறு அனுப்புகிறீர்கள். இதை நிறுத்த ஆய்வு எதுவும் வேண்டியதில்லை.

விசா இன்னொன்று. இந்தியர்களுக்கு நேபாளம் போக விசாவே வேண்டாம், அதனால் எனக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. லண்டனிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் வருகிற நம் பிள்ளைகளுக்கு அப்படியில்லை. சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத வேலையும் செய்யக்கூடாது. மாட்டிக்கொண்டால் அபராதம் கட்டப்போவது நீங்களல்ல, அந்தப் பிள்ளை.

பணத்தையும் பேசிவிடுவோம். உங்கள் தன்னார்வலர் உங்களுக்குப் பணம் கட்டி வருகிறார். தீதிக்கு மாதச் சம்பளம் கிடையாது, உடைக்கு ஒரு தொகை, பயிற்சி நாளுக்குப் படி போன்றவைதான். இருவருக்கும் பெயர் தன்னார்வலர்தான். வாங்கும் கட்டணத்தில் எவ்வளவு அந்தச் சுகாதார நிலையத்துக்குப் போகிறது, எவ்வளவு உங்கள் அலுவலகத்தில் நிற்கிறது என்று விளம்பரத்திலேயே போடுங்கள். போட முடியாத கணக்கென்றால் பெற்றோர்கள் புரிந்துகொள்வார்கள்.

அடுத்த குழுவுக்கு ஆள் சேர்க்கும் முன் மக்வான்பூரின் தலைமையிடமான ஹெடௌடாவிலோ நீங்கள் அனுப்பும் மாவட்டத்திலோ சுகாதார அலுவலகத்துக்கு எழுதி, உங்களுக்கு என்ன ஆள், எத்தனை மாதத்துக்கு வேண்டும் என்று கேளுங்கள். யாரும் வேண்டாம் என்று பதில் வந்தால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆள் வேண்டும் என்றால், கிளம்பும் முன் மூன்று மாதமாவது நேபாளி படிக்கவையுங்கள், போனபின் தீதியின் மேற்பார்வையில் விடுங்கள். ஆனி, ஆடியில் மட்டும் வேண்டாம். நடவும் தசைன் (நம் நவராத்திரி) பண்டிகையும் அறுவடையும் முடிந்தபின் போனால், உட்கார்ந்து பேச அவர்களுக்கும் நேரமிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர்,
தேனி மாவட்டம்