குழாய் வருமுன் காவல் வரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

திருகோணமலை எரிசக்தி மையம் பற்றி நீங்கள் வெளியிடும் செய்திகளை விடாமல் வாசிக்கிறேன். 2025 ஏப்ரலில் இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் அதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன. நாகப்பட்டினத்திலிருந்து இங்கே கடலடியால் எண்ணெய்க் குழாய் வரும் என்கிறார்கள். சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள் யார் கைக்குப் போகும், எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்று ஊரெல்லாம் பேச்சு. கடலுக்கடியில் கிடக்கப்போகும் குழாயை யார் காவல் காப்பது என்று மட்டும் கேட்பாரில்லை.

கடலடியில் கிடப்பதை அறுக்கக் குண்டு தேவையில்லை, ஒரு நங்கூரம் போதும். 2004 ஆகஸ்டில் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கப்பல் போட்ட நங்கூரத்தில் கடலடி இணையக் கேபிள் சேதமாகி, நாட்டின் இணையமே முடங்கியது. 2024இல் செங்கடலில் யேமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் தாக்கிய கப்பல் நங்கூரத்தை இழுத்தபடி மிதந்து மூன்று கேபிள்களை அறுத்ததாகச் சொல்லப்படுகிறது. போல்டிக் கடலிலும் அடுத்தடுத்து அறுந்த பிறகுதான், 2025 ஜனவரியில் நேட்டோ நாடுகள் கூட்டுக் காவலைத் தொடங்கின. நாமும் அறுந்த பிறகுதான் விழிக்க வேண்டுமா?

வெளிநாட்டுக் கடற்படை என்றதும் நம்மவர்களுக்கு வரும் பயம் எனக்கும் உண்டு. பிரித்தானியரின் தளமாக இருந்ததால்தான் 1942 ஏப்ரல் 9இல் இந்த ஊர்மேல் ஜப்பானியக் குண்டு விழுந்தது. இன்னொருவருக்குத் தளம் கொடுப்பதை நானும் எதிர்ப்பேன். ஆனால் 2020 செப்டெம்பரை நினைத்துப் பாருங்கள். சங்கமன்கண்டிக்கு அப்பால் நியூ டயமண்ட் என்ற எண்ணெய்க் கப்பல் எரிந்தபோது அதில் ஏறக்குறைய 270,000 தொன் மசகு எண்ணெய் இருந்தது. அது கொட்டியிருந்தால் கிழக்குக் கரையில் எத்தனை குடும்பங்கள் வலையைச் சுருட்டி வைத்திருக்கும்! நமது கடற்படையும் இந்தியக் கடற்படையும் கரையோரக் காவல் படையும் சேர்ந்து நின்று அணைத்தார்கள். ஒரு மாலுமி உயிரிழந்தார், கொஞ்சம் எரிபொருளும் கசிந்தது. மசகு எண்ணெய் மட்டும் தாங்கிகளிலேயே நின்றது. அன்று தனியே நின்றிருந்தால் நம்மால் முடிந்திருக்காது.

எனக்கு வேண்டியது இந்த மாதிரி ஒத்துழைப்புத்தான். கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் பிறநாட்டுக் கொடியோடு போகும் கப்பலை, சந்தேகம் வந்தாலும் நாம் இலகுவில் மறிக்க முடியாது. எந்தக் கப்பல் வேகம் குறைத்து, குழாய்க்கு மேலே சுற்றுகிறது என்பதை இரு கரையும் அந்தந்த நிமிடமே பகிர்ந்தால்தான் பிடி கிடைக்கும். கொழும்புப் பாதுகாப்பு மாநாடு என்ற பெயரில் இந்தியாவும் மாலைதீவும் மொரிசியஸும் நம்மோடு ஏற்கெனவே கூடுகின்றன. கடலடிக் காவலை அங்கே முதல் விடயமாக எடுக்கட்டும்.

அப்புறம், நமது கடற்றொழிலாளர். உலகில் வருடத்துக்கு 150 முதல் 200 தடவை கேபிள்கள் பழுதாகின்றன. பெரும்பாலும் மீன்பிடியும் நங்கூரமும்தான் காரணம். ஆகவே குழாய் எங்கே போகிறது என்று திருக்கடலூர், சல்லி ஆட்களுக்குத் தமிழில் வரைபடம் தர வேண்டும். குழாய்க்குச் சேதம் வரக்கூடாதென்று வலையையோ நங்கூரத்தையோ அறுத்துவிட்டால், குழாயின் சொந்தக்காரர் நட்டஈடு தர வேண்டும் என்று ஐ.நா. கடற்சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. இலங்கையும் இந்தியாவும் அதை ஏற்ற நாடுகள். அந்தப் பிரிவை உடன்படிக்கையில் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். சந்தேகக் கப்பலை முதலில் காண்பது பெரும்பாலும் வள்ளக்காரர்தான். கண்டதை உடனே சொல்ல கடற்படையில் தமிழ் பேசும் ஒருவர் இரவு பகலாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருகோணமலை.