மைனஸ் 18, அதுவே 238

அன்புள்ள முருகேசா,

பொங்கலுக்கு எழுதுவதாகச் சொன்னேன், ஆடி பிறந்துவிட்டது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது, செய்தித்தாளைத் தானே படிக்கிறார். ஜோசப் அண்ணன் அந்தப் பச்சை ஸ்கூட்டரை இன்னும் விற்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். தூத்துக்குடி மீன் கிடங்குக்கு நாம் சி என்ற நிரல் மொழியில் எழுதிக் கொடுத்த வெப்பநிலை நிரல் நினைவிருக்கிறதா? பழைய இன்டெல் பெட்டி பழுதாகி, உள்ளங்கை அகலத்தில், ஆர்ம் வகைச் சிப் வைத்த ஒரு போர்டு வாங்கியிருக்கிறார்கள். நிரலை அதற்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரும் இப்போது ஜிசிசி இல்லை, கிளாங்.

முதல் தகராறு உன்னுடையது. ஃபங்ஷன் என்ற நிரல் துண்டுக்குள் இன்னொரு ஃபங்ஷன் எழுதி வைத்திருந்தாயே! மறுக்காதே, அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். அது சி மொழியின் பொது விதியான தரநிலையில் இல்லை. ஜிசிசி தானாகச் சேர்த்துக்கொண்ட வசதி. கிளாங் அந்த வரியிலேயே நின்று, இங்கே ஃபங்ஷனை வரையறுக்க அனுமதியில்லை என்றது. அரை நாளில் பிரித்து எழுதிவிட்டேன். முகத்துக்கு நேரே சொல்லிவிட்டதால் அதில் வருத்தமில்லை.

இரண்டாவது என்னுடையது. ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கம்பைல் ஆனது. இரவு இரண்டு மணிக்குக் காவலாளி போன் செய்தார்: அலாரம் அலறுகிறது, திரையில் 238 டிகிரி, உள்ளே மீன் கல்லாக உறைந்து கிடக்கிறது. உண்மையில் மைனஸ் 18. சென்சார் அனுப்பும் பைட்டை, அதாவது எட்டு பிட் எண்ணை, நான் எழுத்துகளுக்கான வெறும் ‘கேரக்டர்’ வகையில் வாங்கியிருந்தேன். லினக்ஸில் இன்டெல் சிப் என்றால் அது மைனஸை ஏற்கும். ஆர்ம் என்றால் 0 முதல் 255 வரைதான். அதே எட்டு பிட், படிக்கும் விதம்தான் வேறு. 256-இல் 18 போனால் 238.

எந்தக் கம்பைலரும் தவறு செய்யவில்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. 1989-இல் தரநிலை வந்தபோதே ‘கேரக்டர்’ மைனஸை ஏற்குமா என்ற முடிவைக் கம்பைலரிடம் விட்டுவிட்டார்கள். பழைய பிடிபி-11 கணினியில் மைனஸை ஏற்பது வழக்கம். ஐபிஎம் பெருங்கணினிகளில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் எப்சிடிக் முறையிலோ ஆங்கில ‘ஏ’ எழுத்தின் எண்ணே 193; மைனஸை ஏற்கும் எட்டு பிட் 127-ஐத் தாண்டாது. இரண்டு தரப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் மைனஸை ஏற்கும் என்று உறுதியாகச் சொல்லும் ‘சைன்ட்’ என்ற சொல்லையும் அதே தரநிலைதான் கொடுத்தது. அதை முன்னால் எழுதாமல் விட்டவன் நான்.

மைனஸை ஏற்கும்படி கம்பைலருக்கு ஓர் ஆப்ஷன் கொடுத்தால் போதுமே என்றார் அலுவலகத்தில் ஒருவர். நான் ஒப்பவில்லை. அதுவும் கம்பைலரின் தயவுதானே? நாளை யாரோ இதை எடுத்து வேறு இடத்தில் கம்பைல் செய்வார். அந்த ஆப்ஷன் விடுபட்டால் திரும்பவும் 238. இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வோர் இடமாகத் திருத்தினேன்.

கம்பைலர்களின் தனி வசதிகளே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒன்றின் வகையைக் கேட்டு வாங்கும் ‘டைப்ஆஃப்’ ஜிசிசியில் பல காலம் இருந்துதான் சி23 என்ற புதிய தரநிலைக்குள் வந்தது. எடுத்துக்கொள்வதை ஒரே கோப்பில் ஒதுக்கி, எந்தக் கம்பைலரை நம்புகிறோம் என்று மேலே எழுதி வைக்க வேண்டும். எதை நம்பியிருக்கிறோம் என்றே தெரியாமல் நாம் இத்தனை வருஷம் இருந்திருக்கிறோம், முருகேசா. அன்றிரவு அந்தக் காவலாளி, இயந்திரம் பொய் சொல்கிறது என்று அலாரத்தை அணைத்துவிட்டுப் படுத்திருக்கலாம். அப்புறம் உண்மையாகவே கம்ப்ரஸர் நின்றால் யார் எழுந்திருப்பார்கள்?

ஒன்று கேட்க வேண்டும். உன் உள் ஃபங்ஷனில் சென்சார் அளவை 0.94-ஆல் பெருக்குகிறாய். ஏன் என்று எங்கும் குறிப்பில்லை. தொடப் பயந்து அப்படியே விட்டிருக்கிறேன். நினைவிருந்தால் உடனே எழுது.

அன்புடன்,
சேகர்