காரை ஏற்றிக் கொல்லப் பார்த்தால் அது விபத்து வழக்கா?

வழக்குப் பதியும் காவல் அதிகாரிகளுக்கும், எந்தப் பிரிவில் குற்றம் சாட்டுவது என்று முடிவெடுக்கும் அரசு வழக்கறிஞர்களுக்கும்,

வணக்கம்.

வேண்டுமென்றே ஒருவர் மீது காரை ஏற்றுகிறவர்களுக்குக் கிடைக்கும் தண்டனை போதுமா என்ற கேள்வி அவ்வப்போது கிளம்பி அடங்குகிறது. கேட்கிறவர்கள் பெரும்பாலும் நீதிபதிகளையோ நாடாளுமன்றத்தையோ பார்த்துத்தான் கேட்கிறார்கள். நான் உங்களுக்கு எழுதுகிறேன். நீதிபதியின் மேசைக்கு வழக்கு போய்ச் சேருவதற்குள் பாதித் தீர்ப்பை நீங்கள் எழுதி முடித்துவிடுகிறீர்கள் என்பதே காரணம்.

கூட்டத்துக்குள் காரை விட்டவர்கள் விஷயத்தில் எனக்குப் பெரிய குறை இல்லை. 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் சார்லட்ஸ்வில்லில், நிறவெறியை எதிர்த்துத் திரண்டவர்கள் மீது காரை ஏற்றி ஒரு பெண்ணைக் கொன்றவருக்கு ஆயுள் தண்டனை. 2018 ஏப்ரலில் டொராண்டோவின் நடைபாதையில் வேனை ஓட்டியவருக்கும் ஆயுள். 25 ஆண்டுகள் கழியாமல் பரோல் கேட்கவே முடியாது. கனடாவின் லண்டன் நகரில் 2021 ஜூனில் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் நான்கு பேரை வண்டியால் மோதிக் கொன்றவர் கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பானது. நீதிபதி அதைப் பயங்கரவாதம் என்றும் அறிவித்தார். காரை ஆயுதமாகப் பார்க்கச் சட்டத்துக்கு இங்கெல்லாம் கண் நன்றாகவே தெரிந்திருக்கிறது.

பாதிக்கப்பட்டவர் ஒரே ஒரு ஆளாக இருக்கும்போதுதான் பார்வை மங்குகிறது. முந்திச் சென்றதில் தகராறு, வண்டி நிறுத்தும் இடத்துக்குச் சண்டை, பிரிந்துபோன மனைவி மேல் ஆத்திரம். ஓட்டியவர் கொள்கை அறிக்கை எதுவும் எழுதி வைத்திருக்க மாட்டார். “பிரேக் பிடிக்கவில்லை, பதற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டேன்” என்பார். உடனே 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி' என்ற பழகிப்போன வாசகம் தாளில் ஏறிவிடுகிறது. அந்த ஒரு வரியோடு வழக்கு போக்குவரத்துப் பக்கம் நகர்ந்துவிட்டால், பிறகு அதைத் திருப்பி இழுப்பது லேசான காரியம் இல்லை.

அந்த வரி எவ்வளவு மாற்றிவிடும் என்பதற்கு இங்கிலாந்தைப் பாருங்கள். ஒருவரின் இடுப்பெலும்பு நொறுங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'அபாயகரமாக ஓட்டிப் படுகாயம் விளைவித்தல்' என்று குற்றம் சாட்டினால் அதிகபட்சம் 5 ஆண்டுகள். அதே எலும்பு, அதே கார், ஆனால் 'உள்நோக்கத்தோடு கொடுங்காயம் விளைவித்தல்' என்ற 1861-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18-ஆவது பிரிவை எடுத்தால் ஆயுள் தண்டனை வரை போகலாம்.

இந்தியாவிலும் கதை இதேதான். அசட்டையாக ஓட்டியதற்கு, பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-ஆவது பிரிவு: ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் 118-ஆவது பிரிவைப் புரட்டினால், சுடும், குத்தும், வெட்டும் கருவிகளோடு 'ஆயுதமாகப் பயன்படுத்தினால் மரணம் விளைவிக்கக்கூடிய எந்தக் கருவியும்' அதற்குள் வருகிறது. கொடுங்காயம் என்றால் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஆயுள். இது புதுச் சட்டத்தின் புதுமையும் இல்லை. 1860-இன் தண்டனைச் சட்டத்திலேயே இருந்த வாசகம்தான். கார்ல் பென்ஸ் தன் வண்டிக்குக் காப்புரிமை கேட்டது 1886-இல். கார் பிறப்பதற்கு முன்பே அதற்கான பிரிவு தயாராக இருந்திருக்கிறது.

இதை ஆயுதம் என்று சொல்வது மிகை என்று நினைப்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 1,500 கிலோ எடையுள்ள கார் 50 கி.மீ. வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் சுமார் 1,45,000 ஜூல். 9 மி.மீ. கைத்துப்பாக்கியின் குண்டுக்கு ஏறத்தாழ 500 ஜூல்.

சரி, உள்நோக்கத்தை எப்படி நிரூபிப்பது என்பீர்கள். நியாயமான கேள்வி. பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். உள்ள வண்டிகளில் டயர் தேய்ந்த தடமும் பழைய மாதிரி தெளிவாக விழுவதில்லை. தடம் இல்லை என்பதால் பிரேக் போடவில்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இப்போதைய கார்கள் பலவற்றில், ஏர்பேக்கை இயக்கும் பெட்டிக்குள்ளேயே ஒரு பதிவுக் கருவி இருக்கிறது. மோதலுக்கு முந்தைய சுமார் 5 விநாடிகளில் வேகம் எவ்வளவு, ஆக்ஸிலரேட்டர் எந்த அளவு அழுந்தியிருந்தது, பிரேக் மிதிக்கப்பட்டதா என்பதெல்லாம் அதில் பதிவாகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் எல்லாப் புதிய கார்களிலும் இது கட்டாயம். வேகம் ஏறிக்கொண்டே போயிருக்கிறது, பிரேக்கில் கால் படவே இல்லை என்று அந்தப் பெட்டி சொன்னால், 'பதற்றம்' என்ற கதையைக் கொஞ்சம் குடையலாம் இல்லையா? கூடவே, சற்று முன் நடந்த வாய்த்தகராறு, பக்கத்துக் கடையின் கேமரா, பின்னால் எடுத்து மறுபடி ஏற்றினாரா என்பது. கத்திக்குத்து என்றால் இதையெல்லாம் அன்றே சேகரித்திருப்பீர்கள். காரை மட்டும் சோதனை முடிந்ததும் உரிமையாளரிடம் ஒப்படைத்துவிட்டால் அந்தப் பெட்டியும் கூடவே போய்விடும்.

உள்நோக்கம் என்றால் குறி வைத்து அடிப்பது மட்டும்தானா என்பதும் தீர்ந்துபோன விஷயம் இல்லை. 2016 பிப்ரவரியில் பெர்லின் நகர மையத்தில் இருவர் பந்தயம் ஓட்டினார்கள். சுமார் 160 கி.மீ. வேகத்தில் சிவப்பு விளக்கைத் தாண்டியதில் வேறொரு வண்டியில் வந்த 69 வயதுக்காரர் இறந்தார். அடுத்த ஆண்டு நீதிமன்றம் இருவரும் கொலைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. 2018-இல் மேல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மறுவிசாரணைக்குப் பின் 2020-இல், மோதியவர் கொலைக் குற்றவாளி என்ற தீர்ப்பை அதே மேல் நீதிமன்றம் உறுதி செய்தது. ஆளைக் கொல்ல நினைக்காவிட்டாலும், யாராவது செத்தால் சாகட்டும் என்று துணிந்ததும் கொலைதான் என்ற வாதம் நின்றது. நான்கு ஆண்டு அலைச்சல். முதலிலேயே அரசுத் தரப்பு துணிந்து கொலை என்று குற்றம் சாட்டியதால்தான் இந்தக் கேள்வி எழவே முடிந்தது.

எல்லா ஓட்டுநருக்கும் தண்டனையைக் கூட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. உயிரிழப்பு ஏற்படுத்தித் தகவல் சொல்லாமல் ஓடிவிட்டால் 10 ஆண்டுகள் வரை என்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 106(2)-ஆவது பிரிவைக் கொண்டுவந்தார்கள். 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்ய, அந்தப் பிரிவு நடைமுறைக்கு வராமல் நின்றது. தப்பு செய்தவரையும் தெரியாமல் இடித்தவரையும் ஒரே தட்டில் வைத்தால் ஓட்டுநர்கள் எல்லாரும் ஒரே அணியில் நிற்பார்கள், அதுதான் நடக்கும்.

எதிர்த்திசையில் போனவர்களும் உண்டு. 2021-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா, கலவரத்திலிருந்து தப்பிக்கும்போது உள்நோக்கமின்றி யாரையாவது மோதிவிட்ட ஓட்டுநருக்குச் சில நிபந்தனைகளோடு சட்டப் பாதுகாப்பே கொடுத்தது. இப்படி ஒரு சட்டம் இருக்கும் ஊரில், உள்நோக்கம் இருந்ததா என்பதை முதலில் தீர்மானிக்கிற உங்கள் பேனாவுக்கு இன்னும் கனம் கூடிவிடுகிறது.

அப்புறம், ஓட்டுநர் உரிமம். சிறையைவிட எனக்கு இதுதான் முக்கியம். ஜெர்மனியில் இனி உரிமமே தரக்கூடாது என்று நிரந்தரமாகத் தடை விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆளைப் பார்த்து ஏற்றியவர் என்று நிரூபணமான எல்லா வழக்கிலும் அரசு வழக்கறிஞர் இதைக் கேட்டாக வேண்டும். கேட்காததை நீதிமன்றம் தானாகத் தருவது அபூர்வம்.

கடைசியாக, இந்தச் சம்பவங்களை விபத்துக் கணக்கிலிருந்து பிரித்தெடுத்து ஆண்டுதோறும் வெளியிடுங்கள்: வேண்டுமென்றே மோதியதாகப் புகார் வந்தவை எத்தனை, அவற்றில் கொலை முயற்சியாகப் பதிவானவை எத்தனை, விசாரணைக்கு நடுவில் சாதாரணப் பிரிவுக்கு இறக்கப்பட்டவை எத்தனை, எந்தக் காரணத்தால் என்று.

இப்படிக்கு,
ஒரு பாதசாரி