வீணை வகுப்புக்கு மைக்கும் கேமராவும்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கமலி,

ஆன்லைனில் வீணை சொல்லிக்கொடுக்க எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். கேமரா கடைசியில்தான். படம் கொஞ்சம் மங்கினாலும் பாடம் நடக்கும். கார்வை, அதாவது மீட்டிய பின் நீளும் நாதம், அறுந்தால் நடக்காது.

அதை அறுப்பது பெரும்பாலும் மைக் இல்லை, ஜூம்தான். பேச்சுக்கென்று செய்த செயலி அது. ஒரே மீட்டில் நீ கமகத்தை, அதாவது சுர அசைவை, இழுக்கும்போது நாதம் தேய்ந்துகொண்டே போகுமே, அந்தக் கடைசிப் பகுதியை இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடும். சுருதிப்பெட்டி விடாமல் ஒலிப்பதால் மின்விசிறிச் சத்தத்தோடு சேர்த்து அதையும் துடைத்துவிடும். ஆடியோ அமைப்பில் இசைக்கலைஞர்களுக்கான ‘ஒரிஜினல் சவுண்ட்’ இருக்கிறது. அதைத் தேர்வுசெய், உள்ளே இருக்கும் எதிரொலி நீக்கத்தை அணை, மைக் அளவைத் தானாகக் கூட்டிக் குறைப்பதையும் அணை. வகுப்புக்குள் போன பிறகும் அந்தப் பொத்தான் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார். மாணவி வாசிப்பது உனக்குச் சரியாகக் கேட்க, அவள் பக்கமும் இதே வேலை நடக்க வேண்டும்.

எதிரொலி நீக்கம் இல்லாததால் இருவருக்கும் ஹெட்போன் கட்டாயம், அதுவும் ஒயர் உள்ளது. புளூடூத்தில் மைக்கும் சேர்ந்து ஓடினால் ஒலி பழைய தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். தாமதமும் கூடும்.

மைக்குக்கு யூஎஸ்பி கண்டென்சர் (மெல்லிய ஒலியையும் பிடிக்கும் வகை) போதும், முன்பக்க ஒலியை அதிகம் பிடிக்கும் கார்டியாய்டாகப் பார்த்து வாங்கு. டைனமிக் மைக் குரலுக்கு நல்லது. ஆனால் வீணையின் மெல்லிய நாதத்துக்கு அதன் கெயினை, அதாவது ஒலியைப் பெருக்கும் அளவை, ஏகத்துக்கும் ஏற்ற வேண்டிவரும், கூடவே ‘உஸ்’ஸென்ற இரைச்சலும் ஏறும். பூம் ஸ்டாண்டில் மாட்டி, உனக்கு எதிரே ஒன்றரை அடி தள்ளி, மோவாய் உயரத்திலிருந்து குதிரையை (குடத்தின் மேல் தந்திகளைத் தாங்கும் பகுதி) பார்த்துச் சாய்த்து வை. கார்டியாய்டுக்கு முதுகுப்பக்கம் காது மந்தம். அந்த முதுகு சீலிங் ஃபேனைப் பார்க்கும். நீ பேசுவதும் மைக்கில் விழும். ஸ்டாண்டை மேஜையில் வைக்காதே, தாளம் தட்டினால் ‘டொம்’ என்று ஏறும். பலமாக மீட்டிப் பார்த்து, ஒலி அளவு காட்டும் முள் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை நிறுத்து. வீணையின் உடலில் ஒட்டும் காண்டாக்ட் மைக் வேண்டாம். கச்சேரிக்கு அது சரி, பாடத்தில் தகரம் தட்டுவதுபோல் இருக்கும்.

படத்துக்கு 1080பி வெப்கேம் ஒன்று போதும். 4கே வாங்கினாலும் ஜூம் அதைச் சுருக்கித்தான் அனுப்பும். ஜன்னல் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது. எல்இடி வெளிச்சத்தில் படத்தில் பட்டை பட்டையாக ஓடினால், கேமராவின் ஃப்ளிக்கர் அமைப்பு 60 ஹெர்ட்ஸில் இருக்கும். நம் மின்சாரத்துக்கு 50 வை. இடக்கை விரல் மெட்டின் (தண்டின் குறுக்கே உள்ள கம்பி) மேல் தந்தியை எவ்வளவு இழுக்கிறது என்பதுதான் மாணவிகள் பார்க்க வேண்டியது. பழைய போனை மேலிருந்து மெட்டுகளை நோக்கி நிறுத்தி, இரண்டாவது ஆளாக வகுப்பில் சேர்த்துவிடு. சேரும்போதே அதன் ஆடியோவை இணைக்காதே, இணைத்தால் ஊளையிடும்.

இவ்வளவு செய்தாலும் சேர்ந்து வாசிக்க முடியாது. இணையத் தாமதத்தை எந்தக் கருவியும் போக்காது. நீ ஒரு வரி, அவள் ஒரு வரி. அவள் வாசிக்கும்போது தாளத்தை அவளே போடட்டும், நீ போட்டால் அவளுக்குப் பிந்தித்தான் தெரியும். வைஃபையை விட்டு ரூட்டரிலிருந்து கேபிள் இழு. கரண்ட் போனாலும் ஓடும்படி ரூட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ் மாட்டு, வோல்ட் பொருந்துகிறதா என்று அடாப்டரைப் பார்த்து வாங்கு.

அன்புடன்,
அப்பா