ரசீதிலிருந்து ஒரு வரியை எடுக்கிறோம்

அன்புள்ள பட்டறை உரிமையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் கொலுசுக் கணக்கு மென்பொருள் அச்சிடும் ரசீதின் அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்ற வரி அடுத்த மாதம் முதல் இருக்காது. அந்தக் காப்புரிமை (பேட்டன்ட்) விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுவிட்டது. "அப்பீல் போகவில்லையா?" என்று செவ்வாய்ப்பேட்டையில் இதற்குள் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

போகலாம். அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்ட பிறகு, இத்தகைய அப்பீல் நேராக உயர் நீதிமன்றத்துக்குத்தான். மூன்று மாதக் கெடு. செலவைக்கூட எப்படியாவது சமாளிப்போம்; சொல்வதற்கு வாதம்தான் இல்லை.

தராசில் வைத்த வெள்ளியின் எடை யாரும் எழுதாமலே பற்றுவரவில் ஏறுகிறதே, அதற்குத்தான் காப்புரிமை கேட்டோம். சட்டத்துக்குப் புதுமை மட்டும் போதாது. அந்தத் துறையில் தேர்ந்த ஒருவருக்கு, முன்பே இருப்பதை வைத்து இது எளிதில் தோன்றியிருக்குமா என்றும் பார்க்கும். மின்னணுத் தராசு இருந்தது, கணக்கு மென்பொருள் இருந்தது, நாங்கள் முடிச்சுப் போட்டோம். செய்து காட்டிய பிறகு எல்லாமே எளிதாகத்தான் தெரியும் என்று எங்கள் வழக்கறிஞர் எழுதிப் பார்த்தார். நியாயமான பேச்சு. ஆனால் கணினிக் கேபிள் செருகத் தராசிலேயே இடம் விட்டிருந்தார்களே, வேறு எதற்காம்?

இந்த அளவுகோல் ஊருக்கு ஊர் மாறுவதும் உண்டு. அமேசானின் ஒரே சொடுக்கில் வாங்கும் முறைக்கு அமெரிக்கா 1999இல் காப்புரிமை கொடுத்தது. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் மேல்முறையீட்டுக் குழு 2011இல் அதில் கண்டுபிடிப்புத் திறன் இல்லை என்று தள்ளிவிட்டது.

என் மனத்தாங்கல் வேறு. உருக்கியதில், கம்பி இழுத்ததில், மெருகு போட்டதில் டிசைன் வாரியாக எவ்வளவு சேதாரம் போகும் என்று பழைய கணக்கிலிருந்து ஊகித்து, மிஞ்சினால் சிவப்பில் காட்டுகிறதே, அது அவ்வளவு எளிதில் யாருக்கும் தோன்றாது. ஆனால் அது கணக்குமுறை. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு கணிதமுறைக்கும், கணினி படிப்படியாகப் பின்பற்றும் செய்முறையான அல்காரிதத்துக்கும் கதவைச் சாத்திவிடுகிறது. தோன்றக்கூடியது தோன்றும் என்பதால் போயிற்று. தோன்றாதது கணக்கு என்பதால் போயிற்று.

சந்தாவும் சேவையும் மாறாது. எங்கள் நிரலை அப்படியே நகலெடுத்தால் பதிப்புரிமை இருக்கிறது. வேறு நிறுவனம் சொந்தமாக எழுதித் தராசு இணைப்புத் தந்தால் தடுக்க மாட்டோம், தடுக்கவும் முடியாது. தாராளமாக விலை கேளுங்கள். சேதாரக் கணக்கையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அந்த வரி முன்பே அச்சான ரசீதுத் தாள் கையிருப்பில் இருந்தால் வசூலுக்கு வரும் பையனிடம் கொடுத்துவிடுங்கள். அதே எண்ணிக்கையில் புதுத் தாள் தருவோம்.

இப்படிக்கு,
உங்கள் கணக்கு மென்பொருள் நிறுவனத்தார்,
சேலம்