பூப்பல்லக்கின் விளக்குகள் படத்தில் வெளுக்காமல் இருக்க

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சித்ரா பௌர்ணமி இரவில் பெங்களூரு அல்சூர் வீதிகளில் வரும் பூப்பல்லக்குகளை, கேமராவைக் கையில் பிடித்தபடியே எடுக்கும் படங்களில் ஒரு குறை ஓயாமல் தென்படுகிறது. கூட்டமும் கட்டடங்களும் நன்றாக விழுந்திருக்கும். சுவாமியின் முகமும் சுற்றியுள்ள சீரியல் விளக்குகளும் வெள்ளைத் திட்டாகியிருக்கும். யாரைப் பார்க்கப் போனோமோ அவர் முகமே படத்தில் இல்லாமல் போகிறது.

படத்தின் பெரும்பகுதி கருப்பாக இருப்பதால், கேமரா தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் கொள்ளும் ஒளிக்கு ஓர் அளவு உண்டு. அது நிரம்பி வழிந்துவிட்டால் அந்த இடத்தின் விவரம் பதிவாவதே இல்லை. பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. இருண்ட இடங்களை ரா கோப்பில் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) 2, 3 ஸ்டாப் தூக்கிவிடலாம். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்காவது. சற்றே மணல்மணலாகத் தெரியும், அவ்வளவுதான்.

ஆகவே ரா முறையில், அளவுகளை நாமே வைக்கும் மேனுவலில் எடுங்கள். லென்சின் துளை அளவு எஃப் 2 அல்லது 2.8, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/100 விநாடி, படத்தின் வெளிச்சத்தைக் கூட்டும் ஐஎஸ்ஓ 800 என்று தொடங்கலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல எல்இடி விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன. 1/500 போன்ற வேகத்தில் படத்தில் கருப்புப் பட்டைகள் விழுவது அதனால்தான். படம் இருட்டாகத் தெரிகிறதே என்று ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்ற வேண்டாம். ஒவ்வொரு ஸ்டாப் ஏற்றும்போதும் விளக்குகள் வெளுப்பதற்கு இருந்த இடைவெளி ஒரு ஸ்டாப் குறைகிறது. அண்மைக் காலக் கேமராக்கள் பெரும்பாலானவற்றில் 800இல் எடுத்துக் கணினியில் 2 ஸ்டாப் ஏற்றினாலும் இரைச்சல் (அந்த மணல்மணலான தோற்றம்) ஏறக்குறைய அதே அளவுதான் இருக்கும்.

தீபாராதனைச் சுடரை உற்றுப் பாருங்கள். அதில் சிவப்பு ஒளிதான் மிகுதி. சிவப்புப் பதிவுதான் முதலில் நிரம்பும். அதற்கு மேல் ஒளி கூடினால் பச்சை மட்டும் ஏறி, ஆரஞ்சு நிறம் மஞ்சளாகும், பிறகு வெள்ளையாகும். சுடர் எலுமிச்சை மஞ்சளாகத் தெரிந்தாலே ஒளி மிஞ்சிவிட்டது என்று அறியலாம். இதனால்தான் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே காட்டும் ஹிஸ்டோகிராமை (படத்தின் ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடம்) பார்க்கச் சொல்கிறோம். மூன்றையும் சேர்த்துக் காட்டும் ஒற்றை வெள்ளைக் கோடு சிவப்பின் நிலையை மறைத்துவிடும். பல்புகளின் நடுப்புள்ளி வெளுத்தால் பரவாயில்லை. வெள்ளிக் கவசமும் பூக்களும் வெளுக்கக் கூடாது.

லென்சின் முன் மாட்டியிருக்கும் யுவி ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். விளக்கின் பிரதிபலிப்பு பச்சைப் புள்ளியாக மிதப்பது பெரும்பாலும் அதனால்தான்.

செல்போனில் எடுப்பவர்கள் சுவாமி முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, ஒளி அளவு பூட்டப்பட்டதும் கீழே இழுத்துக் குறைக்கலாம். நைட் மோட் பல படங்களை ஒன்றாகச் சேர்ப்பது. பல்லக்கு அசையும்போது விளக்குகள் இரட்டையாகும். நிற்கும்போது மட்டும் பயன்படுத்துங்கள்.

செய்தித்தாளில் வெளுத்த இடத்தில் மை விழுவதே இல்லை, வெறும் தாள்தான் தெரியும். ஆகவே வாசகர் படங்களைக் கேட்கும்போது, வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாகவோ மின்னஞ்சலிலோ மூலக் கோப்பையே அனுப்பச் சொல்லி ஒரு வரி சேர்க்க வேண்டுகிறோம். வாட்ஸ்அப் சுருக்கிய படத்தில் இருட்டைத் தூக்கினால் வானத்தில் படிக்கட்டுபோலக் கோடுகள் வருகின்றன.

இப்படிக்கு,
அல்சூர் புகைப்பட ஆர்வலர்கள்,
பெங்களூரு - 560008