கதேஷுக்கு அப்புறம் என்ன நடந்தது?

ஆசிரியருக்கு வணக்கம்.

எகிப்துக்கும், இன்றைய துருக்கிப் பகுதியை ஆண்ட ஹிட்டைட்டுகளுக்கும் சிரியாவில் நடந்த கதேஷ் போர் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை விறுவிறுப்பாக இருந்தது. ஆனால் 'போர் முடிந்தது, இரு மன்னர்களும் சமாதானம் செய்துகொண்டார்கள்' என்று கடைசிப் பத்தியில் ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். அந்த ஒரு வரிக்குள் ஏறக்குறைய 15 ஆண்டுகள் இருக்கின்றன. போர் நடந்தது சுமார் கி.மு. 1274இல். உடன்படிக்கை சுமார் கி.மு. 1259இல்.

போரில் எகிப்து வென்றது என்பதும் எகிப்து மன்னர் இரண்டாம் ராம்செஸ் சொன்ன கதைதான். ஹிட்டைட் படை இன்னும் வடக்கே தொலைவில் அலெப்போ பக்கத்தில்தான் இருக்கிறது என்று இரண்டு நாடோடிகள் சொன்ன பொய்யை நம்பி, படையின் பெரும்பகுதியைப் பின்னால் விட்டுவிட்டு முன்னேறிப்போனவர் அவர். எதிரியோ கதேஷ் கோட்டைக்குப் பின்னால் பதுங்கியிருந்தான். உயிர் தப்பியதே பெரிய விஷயம். போருக்கு அப்புறமும் கதேஷ் ஹிட்டைட்டுகள் கையில்தான் இருந்தது. பக்கத்திலிருந்த சிறு நாடான அமுர்ருவும் அவர்கள் பக்கமே போனது. ஊர் திரும்பிய ராம்செஸ் அபு சிம்பெல், லக்சர் என்று கோயில் கோயிலாகத் தன் வெற்றியைச் செதுக்கி வைத்தார். சுவர் அவருடையது, யார் கேட்பது?

சரி, அப்படிப்பட்டவர் சமாதானத்துக்கு ஏன் வந்தார்? திடீரென ஞானம் பிறந்துவிடவில்லை. இத்தனை காலம் சண்டை போட்டும் எல்லை பெரிதாக நகரவில்லை. ஹிட்டைட் பக்கம் நெருக்கடி இன்னும் அதிகம். மன்னர் மூன்றாம் ஹத்துசிலி, கதேஷ் போரின்போது மன்னராக இருந்த அண்ணன் முவத்தல்லியோடு நின்று எகிப்துக்கு எதிராகப் போரிட்டவர். பின்னாளில் அண்ணன் மகனை விரட்டிவிட்டு அரியணை ஏறியவர். கிழக்கே அசீரியா வளர்ந்து யூப்ரடீஸ் ஆற்றை நெருங்கிக்கொண்டிருந்தது. தன்னை முறையான மன்னனாக ஏற்றுக்கொள்ள ஒரு பெரிய அரசு அவருக்குத் தேவைப்பட்டது. அதனால்தான் தனக்குப் பின் தன் மகன் பட்டத்துக்கு வர எகிப்து துணை நிற்க வேண்டும் என்பதும் உடன்படிக்கையில் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது தப்பியோடியவர்கள் பற்றிய பகுதி. ஒரு நாட்டிலிருந்து மற்ற நாட்டுக்கு ஓடியவனைத் திருப்பி அனுப்ப வேண்டும். ஆனால் அப்படித் திரும்பியவனைக் கொல்லக் கூடாது. அவன் கண், காது, வாய், கால் எதையும் ஊனப்படுத்தக் கூடாது. வீட்டையும் மனைவி மக்களையும் தொடக் கூடாது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அரசர்கள் இதை எழுதி, இரு நாட்டிலுமாக இரண்டாயிரம் தெய்வங்களைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறார்கள்! ஹத்துசிலி அனுப்பிய, உடன்படிக்கை பொறித்த வெள்ளிப் பலகையில் அவர் மனைவி அரசி புதுஹெபாவின் முத்திரையும் இருந்தது.

அதற்குப் பிறகு போன கடிதங்கள் தனிச் சுவை. ராம்செஸின் அரசி நெஃபர்தாரியும் புதுஹெபாவும் ஒருவரையொருவர் சகோதரி என்று அழைத்து எழுதிக்கொண்டார்கள். தன் அக்காவுக்குக் குழந்தை பிறக்க மருந்து வேண்டும் என்று ஹத்துசிலி கேட்டிருந்தார். 'அவளுக்கு ஐம்பதா, இல்லை அறுபதே ஆகிவிட்டது, இனி எந்த மருந்தும் பலிக்காது' என்ற தோரணையில் பதில் எழுதிய ராம்செஸ், அப்படியும் ஒரு மருத்துவரையும் மந்திரவாதியையும் அனுப்புவதாகச் சொன்னார். மரியாதை குறைந்த பதில்தான். ஆனாலும் உறவு அறுந்துவிடவில்லை. பின்னர் ஹத்துசிலியின் மகளை ராம்செஸ் மணந்தார். ராம்செஸின் மகன் மெர்னெப்தா காலத்தில், உணவில்லாமல் தவித்த ஹிட்டைட் நாட்டுக்கு எகிப்திலிருந்து தானியம் கப்பலேறியது. கி.மு. 1180 வாக்கில் ஹிட்டைட் பேரரசு சிதையும்வரை இரு நாடுகளும் மீண்டும் போரிடவில்லை.

கட்டுரையோடு ராம்செஸ் தேரில் நின்று அம்பு விடும் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். ஹிட்டைட் தலைநகரான ஹத்துசாவில் 1906இல் கிடைத்த உடன்படிக்கையின் களிமண் பலகை இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் நகல் நியூயார்க்கில் ஐ.நா. தலைமையகத்திலும் உண்டு. அந்தக் கடிதங்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை வெளியிட்டு, இந்தப் பலகையின் படத்தையும் சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி